ஒரு டிபி, மூன்று விலை

மாதுங்கா ரோடு நிலையத்தில் ரயில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் லாமிங்டன் ரோடு. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் மும்பையில் கம்ப்யூட்டர் பாகம் வாங்கக் கிளம்புகிறவர்களின் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. செம்பூரில் இருக்கும் என் அக்கா மகளுக்கு ஒரு டெஸ்க்டாப்பைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க அவளும் நானும் போயிருந்தோம். பிராசஸர், மதர்போர்டு, ரேம் எல்லாம் வாங்கியாயிற்று. கடைசியாக, கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் ‘1 டிபி’ என்று போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் ஒன்றுபோலவே இருந்தது: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், மேலே சில கறுப்புச் சில்லுகள். விலைதான் வேறு வேறு. மூன்றாவதன் விலை முதலாவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“மாமா, மூணுமே ஒரு டிபிதானே? அப்புறம் விலை மட்டும் ஏன் இப்படி?”

புதிதாகக் கம்ப்யூட்டர் சேர்க்கிற எல்லோருக்கும் வருகிற கேள்விதான். பெட்டிமேல் பெரிய எழுத்தில் ஒரு வேகம் போட்டிருக்கும்: 5,000, 7,000, 14,000. பெரிய எண் இருந்தால் நல்ல சரக்கு என்று எடுத்துக்கொண்டு, கையில் இருக்கிற பணத்துக்குள் அடங்கும் பெரிய எண்ணை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த எண் நம் வேலையில் எங்கே வந்து உதவுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இந்த அத்தியாயத்தில் அதைப் போட்டுப் பார்ப்போம்.

காத்திருப்பு எங்கே இருந்தது?

முதலில் பழைய ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்ப்போம். காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு சிறு கை முன்னும் பின்னும் நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது. நமக்கு வேண்டிய தகவல் இருக்கும் வட்டத்துக்குக் கை போய்ச்சேர சராசரியாக 9 மில்லிநொடி ஆகும். மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கை போய்ச்சேர்ந்த பிறகு, தகவல் இருக்கும் இடம் சுழன்று கைக்கு அடியில் வரவேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிநொடி என்பதால், சராசரியாக அதில் பாதி, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். ஆக ஒரு துண்டைத் தேடி எடுக்க 13 மில்லிநொடி. இதைத் தேடல் நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

13 மில்லிநொடி கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவு. ஆனால் கம்ப்யூட்டர் துவங்கும்போது ஒரே ஒரு கோப்பை எடுப்பதில்லை; ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்கிறது. 10,000 துண்டுகள் என்று வையுங்கள். 10,000 முறை 13 மில்லிநொடி என்றால் 130 நொடி. பழைய கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, போய் டீ வைத்துக்கொண்டு வந்தோமே, அந்த நேரம் இதுதான்.

எஸ்எஸ்டிக்குள் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. சாதாரண எஸ்எஸ்டி ஒரு துண்டை எடுத்துத்தர ஏறக்குறைய 0.1 மில்லிநொடிதான் ஆகிறது. 130 நொடி 1 நொடியாகச் சுருங்கிவிடுகிறது. எஸ்எஸ்டி ஒரு நிமிடத்தில் தேடித் தருவதை ஹார்டு டிஸ்க்கிடம் கேட்டால் இரண்டு மணி பத்து நிமிடம் காக்கவைக்கும் என்று சொன்னால் இந்த வித்தியாசம் உறைக்கும்.

இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். விலை அதிகமான எஸ்எஸ்டி இந்த 0.1-ஐ 0.05 ஆக்கலாம். அப்போது 1 நொடி அரை நொடியாகும். 130 நொடியை ஒழித்தது எஸ்எஸ்டி என்ற சாதனம். அதில் மிச்சமிருக்கும் அரை நொடிக்குத்தான் விலை கூடிக்கொண்டே போகிறது.

மூடிய அறையில் மின்னூட்டம்

சுற்றுகிற தட்டு இல்லாமல் தகவல் எப்படித் தங்குகிறது? 1967-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். மின்சாரம் கடத்தும் ஒரு துணுக்கை, நான்கு பக்கமும் மின்சாரம் கடத்தாத படலத்தால் மூடிவிடு. போதுமான மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய படலத்தை ஊடுருவி உள்ளே போகும். அழுத்தத்தை நிறுத்தினால் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கரண்ட் போனாலும் தங்கும். இந்த மூடிய அறையைச் சிற்றறை என்று அழைப்போம். உள்ளே மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் அது 0 அல்லது 1, அதாவது ஒரு பிட்.

1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா, இப்படிப்பட்ட சிற்றறைகளைக் கூட்டமாக ஒரே வீச்சில் அழிக்கும் நினைவகத்தை உருவாக்கினார். அந்த அழிப்பு கேமராவின் ஃபிளாஷ் அடிப்பதை நினைவூட்டுகிறது என்று உடன் வேலை செய்த ஷோஜி அரீசுமி சொல்ல, ‘ஃபிளாஷ்’ என்ற பெயர் நிலைத்தது. 1987-ல் வந்த ‘நேண்ட்’ வகை ஃபிளாஷ்தான் இன்றைய எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் தாய்.

இந்த ஊருக்கும் நினைவகத்தோடு பழைய உறவு உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மனின் தலைமையில் கட்டப்பட்ட ‘டிஃப்ராக்’ கம்ப்யூட்டர் 1960-ல் இயங்கத் தொடங்கியது. அதன் நினைவகம் சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையத்துக்கு ஒரு பிட். ஒவ்வொன்றும் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள், ஆக மொத்தம் 81,920 பிட். கடைக்காரர் எங்கள் முன்னால் வைத்த ஒரு தகட்டில் ஏறக்குறைய 10 கோடி டிஃப்ராக்குகளின் நினைவகம் அடங்கும்.

இவ்வளவையும் இந்தச் சின்ன இடத்தில் எப்படி அடைத்தார்கள்? தாராவியில் வீடு கட்டுகிறவர்கள் கண்ட வழிதான்: பக்கத்தில் இடம் இல்லையா, மேலே எழுப்பு. 2013-ல் சாம்சங் 24 அடுக்குச் சிற்றறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக எழுப்பிய சில்லைத் தயாரித்தது. இன்று 200 அடுக்குக்கு மேல் போயாகிவிட்டது. இன்னொரு வழியும் உண்டு: ஒரே அறைக்குள் அதிகம் பேரைக் குடிவைப்பது. விலை வித்தியாசத்தின் முதல் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு டம்ளரில் எத்தனை கோடு?

சிற்றறையை ஒரு காப்பி டம்ளராக நினைத்துக்கொள்ளுங்கள். காலியா, நிறைந்ததா என்று மட்டும் பார்த்தால் இரண்டே நிலை, ஒரு பிட். தூரத்திலிருந்து பார்த்தாலும் தவறாது. கால், அரை, முக்கால் என்று கோடு போட்டால் நான்கு நிலை, இரண்டு பிட். எட்டு நிலை என்றால் மூன்று பிட். பதினாறு நிலை என்றால் நான்கு பிட்.

டம்ளர் அதேதான், அதில் அடங்கும் தகவல் நான்கு மடங்கு. மலிவாகத் தர முடிகிற காரணம் அதுதான். ஆனால் பதினாறு கோட்டில் சரியாகப் பதினொன்றாவது கோடுவரை ஊற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஊற்றி, குனிந்து பார்த்து, மறுபடி கொஞ்சம் ஊற்றி என்று நேரம் ஆகும். படிப்பதற்கும் கண்ணைக் குறுக்கிப் பார்க்க வேண்டும். டம்ளர் லேசாகக் கசிந்தாலும் ஒரு கோடு தப்பிவிடும்.

ஒரு பிட் வகைக்கு எஸ்எல்சி என்றும், இரண்டுக்கு எம்எல்சி, மூன்றுக்கு டிஎல்சி, நான்குக்கு கியூஎல்சி என்றும் பெயர். இன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் டிஎல்சியும் கியூஎல்சியும்தான். எங்கள் முன்னால் இருந்த மூன்றில் மலிவானது கியூஎல்சி, மற்ற இரண்டும் டிஎல்சி.

கியூஎல்சியின் மந்தத்தை மறைக்க ஓர் ஏற்பாடு உண்டு. காலியாக இருக்கும் சிற்றறைகளில் முதலில் கோடு பார்க்காமல், காலி அல்லது நிறைவு என்ற முறையில் மடமடவென்று எழுதிவிடும். நாம் ஓய்ந்த பிறகு, அதை நிதானமாகப் பதினாறு கோட்டு முறைக்கு மாற்றி அடுக்கும். பெட்டிமேல் போட்டிருப்பது இந்த மடமட வேகம். பெரிய கோப்பைத் தொடர்ந்து கொட்டும்போது காலி இடம் தீர்ந்துவிட்டால், கியூஎல்சியின் எழுதும் வேகம் நொடிக்கு 100 எம்பி வரைகூட இறங்கும். அது ஹார்டு டிஸ்க்கின் வேகம். டிஎல்சியிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் இறக்கம் இவ்வளவு ஆழமாக இருக்காது.

இட்லித் துணி

என் அம்மா தாராவியில் இட்லி அவித்து, சைக்கிளில் விற்கப் போகிறவர்களுக்குக் கொடுத்துவந்தவர். தட்டில் துணி போட்டு அவிக்கும் பழைய முறை. எஸ்எஸ்டிக்குள் நடப்பதை அக்கா மகளுக்கு விளக்க எனக்கு அந்தத் தட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

மாவைக் குழி குழியாக ஊற்றலாம். ஆனால் ஒரு குழிக்கான துணியை மட்டும் கழுவ முடியாது. துணி முழுவதையும் எடுத்துத்தான் அலச வேண்டும். ஃபிளாஷும் அப்படியே. எழுதுவது சிறு பகுதியாக. அதற்குப் பக்கம் என்று பெயர், பெரும்பாலும் 16 கேபி. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பாளம் முழுவதுமாக. ஒரு பாளம் பல எம்பி இருக்கும். ஏற்கெனவே எழுதிய பக்கத்தின்மேல் அப்படியே மாற்றி எழுத முடியாது. அதனால் நீங்கள் ஒரு கடிதத்தில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால், புதுப் பிரதி வேறொரு சுத்தமான பக்கத்துக்குப் போகிறது. பழையது ‘வேண்டாதது’ என்று குறிக்கப்பட்டு அங்கேயே கிடக்கிறது.

சுத்தமான தட்டு குறைந்துவந்தால் என்ன செய்வது? ஒரு தட்டில் மிச்சமிருக்கும் நல்ல இட்லிகளை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டு, அந்தத் துணியை எடுத்து அலசிப் போட வேண்டும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இதை நாம் வேலை செய்யாத நேரத்தில் செய்துகொள்கிறது. எது வேண்டாதது என்று விண்டோஸோ லினக்ஸோ அதற்குத் தெரிவிக்கும் கட்டளைக்கு ‘ட்ரிம்’ என்று பெயர். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் அது மந்தமாவதன் காரணம் இதில் தெரியும்: மாற்றிவைக்க உபரித் தட்டு இல்லை. பத்தில் ஒன்றரைப் பங்கு இடத்தையாவது காலியாக விட்டுவைப்பது நல்லது.

துணி அலச அலச நைந்துபோகும். ஒவ்வோர் அழிப்பிலும் சிற்றறையின் படலம் கொஞ்சம் தேய்கிறது. எஸ்எல்சி சிற்றறை ஏறக்குறைய 1 லட்சம் அழிப்பைத் தாங்கும். டிஎல்சி 1,000 முதல் 3,000 வரை தாங்கும். கியூஎல்சி அதற்கும் கீழே. அதனால் கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரே துணியைத் திரும்பத் திரும்ப எடுக்காமல் எல்லாத் துணிகளையும் முறைவைத்து எடுக்கிறது. இதைத் தேய்மானப் பங்கீடு எனலாம்.

எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஒரு கணக்கு நோட்டும் வேண்டும். 1 டிபிக்கு அந்த நோட்டு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். விலை கூடிய எஸ்எஸ்டியில் நோட்டை வைத்துக்கொள்ள அதற்கென்றே தனி ரேம் சில்லு இருக்கும். மற்றவை உங்கள் கம்ப்யூட்டரின் ரேமில் சிறிது இடத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும். வீட்டு வேலைக்குக் கடன் வாங்குகிறதே போதும்.

மாதுங்காவில் நிற்காத வண்டி

விலை வித்தியாசத்தின் இரண்டாவது காரணம், தகவல் வந்துபோகும் பாதை. பழைய பாதைக்கு சாட்டா என்று பெயர். ஹார்டு டிஸ்க்குக்காகவே வந்தது. அதன் உச்சம் நொடிக்கு 600 எம்பி. நடைமுறையில் 550 எம்பி கிடைக்கும். வேலைகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் அதிகம் போனால் 32 வேலை. ஒரே ஒரு கை இருந்த சாதனத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

2011-ல் ஃபிளாஷுக்கென்றே எழுதப்பட்ட புது விதிமுறை வந்தது: என்விஎம்இ. இதில் 64,000-க்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். பாதையும் வேறு, பிசிஐஇ எனப்படும் அதில் நான்கு தடங்கள். மூன்றாம் தலைமுறைப் பாதையில் நொடிக்கு 3,500 எம்பி, நான்காவதில் 7,000, ஐந்தாவதில் 14,000 என்று தலைமுறைக்குத் தலைமுறை வேகம் இரட்டிப்பாகிறது.

மதர்போர்டில் இந்தத் தகடு செருகும் இடத்துக்கு எம்.2 என்று பெயர். இங்கே ஓர் எச்சரிக்கை. சாட்டா வகைத் தகடும் இதே உருவத்தில் வருகிறது. செருகும் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா. ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஐந்தாம் தலைமுறைத் தகட்டை நான்காம் தலைமுறை இடத்தில் செருகினால் வேலை செய்யும். ஆனால் நான்காம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும்.

இத்தனை வேகம் இருந்தும் கம்ப்யூட்டர் துவங்குவதில் ஏன் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை? சென்ட்ரல் லைனில் போய்வருகிறவருக்கு இது தெரியும். மாதுங்கா வழியாக நான்கு தண்டவாளம் போகிறது. ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்பதில்லை. சிஎஸ்எம்டியிலிருந்து கல்யாணுக்கு 54 கிலோமீட்டர் போகிறவருக்கு ஃபாஸ்ட் வண்டி ஒரு வரம். மாதுங்காவிலிருந்து அடுத்த நிலையமான சயானுக்குப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சிறு கோப்புகள் எல்லாம் சயான் பயணிகள். அவற்றின் நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலும், அதாவது தேடல் நேரத்தில் போகிறது. பெட்டிமேல் எழுதியிருக்கும் 14,000 கல்யாண் பயணிக்கான எண்.

செம்பூர் வீட்டுக் கணக்கு

இனி அக்கா மகளின் வேலைக்கு வருவோம். அவள் தாராவித் தமிழர்களின் வாழ்க்கையைப் படம் பிடிக்கிறாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, தோல் பதனிடும் பட்டறைகளில் உழைத்த முதியவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவுசெய்கிறாள். அவள் கேமரா 4கே தரத்தில் நொடிக்கு 12.5 எம்பி எழுதுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பதிவு, ஆகவே 90 ஜிபி. கடையில் நின்றுகொண்டே போனில் கணக்குப் போட்டோம்.

முதல் கேள்வி, படத்தொகுப்பு தடங்கலில்லாமல் ஓடுமா? மூன்று கேமராப் பதிவுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் நொடிக்கு 37.5 எம்பிதான் வேண்டும். சாட்டாவின் 550-லேயே அதில் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது.

இரண்டாவது, கேமரா அட்டையிலிருந்து பதிவை மாற்ற எவ்வளவு நேரம்? அவளிடம் இருக்கும் அட்டை வகையின் உச்சமே நொடிக்கு 104 எம்பி; நடைமுறையில் 90. எனவே 90 ஜிபிக்கு 1,000 நொடி, கிட்டத்தட்ட 17 நிமிடம். 14,000 எம்பி எஸ்எஸ்டி வாங்கினாலும் அதே 17 நிமிடம். குழாய் சொட்டுகிற வேகத்தில்தான் குடம் நிறையும்.

மூன்றாவது, தேய்ந்துபோகுமா? ஒவ்வோர் எஸ்எஸ்டிக்கும் இவ்வளவு எழுதும்வரை உத்தரவாதம் என்று தயாரிப்பாளர் ஓர் அளவு சொல்வார். அதை எழுத்து ஆயுள் எனலாம். பெட்டியில் வகை போடாவிட்டாலும் இதைவைத்து ஊகிக்கலாம்: 1 டிபி டிஎல்சிக்கு 600 டிபி வழக்கமானது, கியூஎல்சிக்கு 200 முதல் 360 வரை. பதிவு, தற்காலிகக் கோப்பு, வெளியீடு எல்லாம் சேர்த்து அவள் நாளைக்கு 50 ஜிபி எழுதுவாள் என்று தாராளமாகவே வைத்தோம். 600 டிபிக்கு 12,000 நாள், கிட்டத்தட்ட 33 வருடம். 200 டிபிக்குக்கூட 4,000 நாள், 11 வருடம். எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் இந்த வீட்டுக்கு வேண்டியதில்லை.

நான்காவது, இடம் போதுமா? ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் மென்பொருளுக்கும் 200 ஜிபி, காலியாக விட 150 ஜிபி. மிச்சம் 650 ஜிபி. வாரத்துக்கு 90 ஜிபி என்றால் ஏழு வாரத்தில் இடம் தீர்ந்துவிடும்.

“அப்ப பிரச்சினை வேகமே இல்லையா மாமா? இடம்தானா?”

அதுதான். நாங்கள் கடைக்குள் நுழைந்தபோது எங்கள் மனத்தில் இருந்த ஒரே கேள்வி வேகம். நான்கு கணக்கில் மூன்று கணக்குக்கு மூன்று தகடுகளும் தேறின. நான்காவதில் மூன்றுமே தோற்றன.

எதை எங்கே வைப்பது

ஐந்தாம் தலைமுறைத் தகட்டை விட்டுவிட்டோம். அது நன்றாகச் சூடாகும். பெரிய வெப்பத் தகடு வேண்டும். மே மாதத்து மும்பையில் ஏசி இல்லாத அறையில், சூடு எல்லை தாண்டினால் தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான ஜிபி கோப்புகளை ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்கு நாள் முழுக்க மாற்றுகிறவர்களுக்கு அது வேண்டும். கியூஎல்சியையும் விட்டோம். ஏழு வாரத்துக்கு ஒருமுறை நிரம்புகிற இடத்தில், காலி இடத்தை நம்பி ஓடும் தகடு திணறும். நடுவில் இருந்த நான்காம் தலைமுறை டிஎல்சியை எடுத்துக்கொண்டோம்.

வெறும் கடிதமும் கணக்கும் படமும் பார்க்கிற வீடாக இருந்தால், அதே கடையில் நான் கியூஎல்சியையே எடுத்திருப்பேன். பழைய மதர்போர்டு என்றால் சாட்டாவே போதும். எது நல்லது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. உங்கள் வேலையில் ஒரு வாரத்துக்கு எத்தனை ஜிபி உருவாகிறது, எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேரவேண்டும் என்ற மூன்று எண் தெரிந்தால், பெட்டிமேல் இருக்கும் எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சப் பணத்தில் 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கினோம். தேடல் நேரம் அதிகம்தான். ஆனால் முடிந்துபோன பதிவுகளை யாரும் நொடிக்கு ஆயிரம் தடவை தேடப்போவதில்லை. ஒன்றில் 44 வாரப் பதிவு அடங்கும். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சிற்றறைக்குள் அடைபட்ட எலக்ட்ரான்கள் மிக மெதுவாகக் கசிகின்றன. எழுத்து ஆயுள் முழுவதும் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதே தொழில்துறை வைத்திருக்கும் அளவுகோல். புதிதாக இருக்கும்போது அதைவிட நெடுநாள் காக்கும். ஆனாலும் வருடக்கணக்கில் பீரோவுக்குள் வைத்து மறக்கிற பொருள் அல்ல அது. எந்தச் சாதனமும் சொல்லாமல் நின்றுபோகலாம் என்பதால் பிரதி இரண்டு.

அன்று மாலை செம்பூரில் கம்ப்யூட்டர் உயிர்பெற்றதும் அவள் முதலில் ஏற்றிய கோப்பு என் அம்மாவுடையது. தாராவிக்கு வந்த நாளையும், முதன்முதலாக இட்லி அவித்து விற்ற காலையையும் அவர் சொல்கிற பதிவு. 1 மணி 10 நிமிடம், 52.5 ஜிபி. இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது: அவள் கம்ப்யூட்டரில், அக்கா வீட்டு பீரோவில், மாதுங்காவில் என் மேஜைக்குள்.